மூன்றாவது குமிழ்

எருத்தேன்பதி
20-1-1974

சங்கையாவுக்கு நஞ்சப்பன் எழுதுவது.

இந்தக் கடிதம் வண்டியைப் பற்றி மட்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை, நீயும் எழுத வேண்டாம். உங்கள் இரண்டு பேர் சேதி தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன் என்று உனக்கு நினைப்பு இருந்தால், இங்கேயே மடித்து அடுப்பில் போட்டுவிடு.

லேண்ட்மாஸ்டர் கார் பெட்ரோலாகக் குடிக்கிறது. நீ ஓட்டிய நாலு வருஷமும் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்த வண்டி, இன்றைக்கு ஐந்து கொடுத்தால் அதிகம். பெட்ரோல் விலை மலை மேலும் ஏறித்தான் இருக்கும், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டில் ஒரு மெக்கானிக் கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்து மாட்டினான். கோயமுத்தூரில் ஒருத்தன் பிளக் நாலையும் மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை.

நேராகவே கேட்கிறேன். நீ என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போன வாரத்திலிருந்துதான், ஒரு வருஷத்துக்கு மேலாக, வண்டி இப்படி. பெட்ரோல் மலிவாக இருந்தவரை பொறுத்துக்கொண்டேன். போகும்போது எதைக் கழற்றிக்கொண்டு போனாய்? எதைத் திருகிவிட்டுப் போனாய்? அதை மட்டும் எழுது. கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் வாங்கத் தயாராக இருக்கிறார். பத்து ஓடிக் காட்டினால் சித்திரைக்குள் எடுத்துக்கொள்வாராம். விற்றுத் தொலைத்துவிட்டால், அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் வருகிற எரிச்சலாவது மிச்சமாகும்.

உன் விலாசம் என் ஊட்டுக்காரி கமலாத்தாளிடம் இருந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

நஞ்சப்பன்

* * *

சோலைக்கொம்பு எஸ்டேட், லாரி ஷெட்
இடுக்கி ஜில்லா
30-1-1974

ஐயா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை.

நான் எதையும் கழற்றவில்லை, திருகவும் இல்லை. அன்று காலையில் வண்டியைக் கழுவினேன், ஆயில் பார்த்தேன், டயருக்குக் காற்றுப் பார்த்தேன், சாவியை ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகுதான் நாங்கள் பஸ் ஏறினோம். மயிலாத்தாள் விஷயத்தில் நீங்கள் என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். சித்தூர் ரிஜிஸ்டர் ஆபீசில் அவள் தன் இஷ்டத்தோடுதான் கையெழுத்துப் போட்டாள், இருந்தாலும் கேட்டுக்கொள்வேன். ஆனால் வண்டியைக் கெடுத்துவிட்டுப் போனேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே பதினோரு லாரியும் இரண்டு ஜீப்பும் என் கையில்தான் ஓடுகின்றன. அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன். கார்புரேட்டரைப் பிரிப்பது கடைசியில் செய்கிற வேலை. முதலில் இதைப் பாருங்கள். சமதளத்தில் கியரை எடுத்துவிட்டு ஒரே ஆள் தள்ளினால் உருள்கிறதா? உருளவில்லை என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிற்கிற இடத்தில் பெட்ரோல் சொட்டுகிறதா? புகை என்ன நிறம்? ஓடி வந்த கையோடு பிளக்கைக் கழற்றினால் நுனி என்ன நிறம்? காப்பிப்பொடி நிறம் என்றால் கவலை இல்லை. டயருக்கு எவ்வளவு காற்று என்று இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பெட்ரோல் மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். ஒரு லிட்டரை அளந்து பாட்டிலில் ஊற்றி, டாங்கிக் குழாயைக் கழற்றி அதற்குள் விட்டு ஓட்டச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மையான கணக்கு. இப்போது யார் ஓட்டுகிறார்கள் என்றும் எழுதுங்கள்.

மயிலாத்தாள் சுகம். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதினேன்.

சங்கையா

* * *

எருத்தேன்பதி
8-2-1974

சங்கையாவுக்கு,

கோபமெல்லாம் வருகிறதோ உனக்கு? வரட்டும்.

ஓட்டுவது நம் டிராக்டர் சின்னமுத்து. பதினைந்து வருஷமாக உழுகிறவன், கை சுத்தம். நீ சொன்னபடி அவனைத் தள்ளச் சொன்னேன். வண்டி நன்றாக உருள்கிறது, நான் உள்ளே உட்கார்ந்திருந்தும் உருண்டது. சொட்டு ஒன்றும் இல்லை.

பாட்டில் வைத்தியமும் பார்த்தாயிற்று. கொழிஞ்சாம்பாறை ரோட்டில் விட்டோம். ஐந்தாவது கிலோமீட்டர் வருவதற்குள் ஒரு புளியமரத்தடியில் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. கொண்டுபோன பெட்ரோல் டின்னை ஊட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறான் சின்னமுத்து. பக்கத்துத் தோட்டத்து நல்லதம்பியின் மாட்டைக் கட்டி இழுத்து வந்தோம். "ஏனுங்க, காரை ஏர்ல பூட்டிப்போட்டீங்களா?" என்று அவன் கேட்டான். ரோட்டோரம் இருந்த பொம்பளைகளெல்லாம் சிரித்தார்கள். உன்னால் எனக்கு இன்னும் என்னென்ன பாக்கியம் வரப்போகிறதோ.

புகை கறுப்பு. பின்னால் நின்று பார்த்தேன், வேட்டியெல்லாம் புள்ளி புள்ளியாகக் கரி. பிளக்கும் கரிச்சட்டி மாதிரிதான் இருக்கிறது. இன்னொன்று. காலையில் எடுக்கும்போது ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால்தான் மறுபடி எடுக்க அடம் பிடிக்கிறது.

நீ கடைசியில் எழுதிய அந்த ஒற்றை வரியைக் கமலாத்தாள் கிழித்து எடுத்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். அதன் பின்பக்கம்தான் டயர் காற்று எழுதியிருந்தாய். அவளிடம் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்கிறாள். மறுபடி எழுது.

நஞ்சப்பன்

* * *

சோலைக்கொம்பு எஸ்டேட்
16-2-1974

மாமா அவர்களுக்கு,

'ஐயா' என்றுதான் எழுதியிருந்தேன். "எங்கப்பனுக்கு ஐயான்னு எழுதறதா இருந்தா நீங்க எழுதவே வேண்டாமுங்க" என்று சொல்லி மயிலாத்தாள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். வேறு தாளில் எழுதுகிறேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அடித்துவிட்டுப் படியுங்கள்.

முன் டயர் இருபத்துநாலு, பின் டயர் இருபத்தாறு. இந்தத் தடவை பின்பக்கம் எதுவும் எழுதவில்லை.

கறுப்புப் புகை, கரி பிடித்த பிளக், காலையில் சுலபம், சூட்டில் அடம். இது பிரேக்கும் இல்லை, டயரும் இல்லை. காற்றுக்குத் தக்கபடி போக வேண்டிய பெட்ரோல் அளவில்லாமல் போகிறது. ஆனால் கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்தும் சரியாகவில்லை என்றால், கோளாறு அதற்குள் இல்லை, அதை வெளியே இருந்து எதுவோ பிடித்து இழுக்கிறது. நீங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். டிரைவர் சீட்டில் நீங்களே உட்காருங்கள். டாஷ்போர்டில் இருப்பதையெல்லாம் இடது கோடியிலிருந்து ஒன்று விடாமல் எழுதுங்கள். பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடுவேன். தூரம் அப்படி ஆகிவிட்டது.

இனி எழுதப்போவதற்கு நீங்கள் திட்டினாலும் சரி. மயிலாத்தாளுக்கு இது ஆறாவது மாதம். தைரியமாகத்தான் இருக்கிறாள். என் அம்மா ராமுத்தாய் கொழுந்து எடுக்கப் போய்விட்டால் எஸ்டேட் லயத்து வீட்டில் அவள் தனியாகத்தான் இருக்கிறாள். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறார், மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதைப் பற்றி அவள் வாயைத் திறப்பதில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது பேசினால் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

சங்கையா

* * *

எருத்தேன்பதி
24-2-1974

சங்கையாவுக்கு,

ஆறு மாதம். ஆறு மாதமாக எனக்குச் சொல்ல உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கார்டு கிடைக்கவில்லை. வண்டி கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும்போதுதான் எனக்குத் தெரிந்திருக்கும், இல்லையா?

எங்கள் ஊட்டுப் பெண் யாரும் தலைப்பிரசவத்தை வேறு ஊட்டில் பார்த்ததில்லை. அது மயிலாத்தாளுக்கும் தெரியும். வா என்று சொல்ல வேண்டியவன் நான். ஆனால் இதே வாயால்தான் இந்த வாசலை இனி மிதிக்காதே என்று ஊர் கேட்கச் சொன்னேன். நான் சொன்னதை மாற்றிப் பேசுகிற பழக்கம் இல்லாதவன். அதை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது. இதைப் படித்தவுடன் மறந்துவிடு.

டாஷ்போர்டு கேட்டாய். இடது கோடியில் பெட்டி. அதற்குள் நீ கண்ணாடி துடைக்கிற துணி இன்னும் கிடக்கிறது. அப்புறம் நின்றுபோன கடிகாரம். அப்புறம் மீட்டர். அதற்குக் கீழே நாலு குமிழ். முதலாவது லைட். இரண்டாவது மழை துடைக்கிற வைப்பர். மூன்றாவதில் கமலாத்தாள் மஞ்சத்துணியில் காசு முடிந்து கட்டியிருக்கிறாள். மயிலாத்தாள் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை கட்டியது. கருப்பராயனுக்கு வேண்டுதல். சின்னமுத்து தினமும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வண்டியை எடுப்பான். கஞ்சிக்கோட்டு மெக்கானிக்கும் கும்பிட்டுவிட்டுத்தான் பானெட்டைத் திறந்தான். நாலாவது ஸ்டார்ட்டர்.

மூன்றாவது குமிழ் எதற்கு என்று சின்னமுத்துவைக் கேட்டேன். "அது இஞ்சினை நிறுத்தறதுங்க. டிராக்டர்ல இழுத்தா நிக்குமில்லீங்க, அதேதான். இங்க சாவியிலயே நின்னுபோகுது, அதைத் தொடற சோலியே இல்லீங்க" என்றான்.

நஞ்சப்பன்

* * *

சோலைக்கொம்பு எஸ்டேட்
4-3-1974

மாமா அவர்களுக்கு,

கிடைத்துவிட்டது.

மூன்றாவது குமிழ் இஞ்சினை நிறுத்துவது இல்லை. டிராக்டர் டீசல், அதில் அப்படி உண்டு. இது சோக். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க இதை இழுப்பார்கள். சூடானதும் முழுக்க உள்ளே தள்ளிவிட வேண்டும். நான் காலையில் இழுத்து எடுப்பேன், நம் களத்தைத் தாண்டுவதற்குள் தள்ளிவிடுவேன். ஒரு கை வேலை, நீங்கள் பின் சீட்டில் இருந்து பார்த்திருக்க மாட்டீர்கள்.

அத்தை கட்டுவதற்கு வசதியாகக் குமிழை வெளியே இழுத்து, அதன் கழுத்தில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார்கள். முடிச்சும் காசும் நடுவில் நிற்பதால் குமிழ் உள்ளே போகவில்லை. பதினாறு மாதமாகச் சோக்கை இழுத்தபடியே ஓட்டியிருக்கிறீர்கள். கஞ்சிக்கோட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். சாமி முடிச்சை அவிழ்த்துப் பார்க்க யாருக்குத்தான் கை வரும்?

அவிழ்த்துக் குமிழைத் தள்ளினால் பழையபடி பத்து கொடுக்கும். கொழிஞ்சாம்பாறைக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். இதைச் சொல்லத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் எழுதியதை மயிலாத்தாளிடம் படித்துக் காட்டினேன். முதலில் சின்னமுத்துவை நினைத்துச் சிரித்தாள். பிறகு அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்து, "அது எனக்காகக் கட்டுனது. நான் போயி உக்காராம அதை யாரும் அவுக்கக் கூடாதுங்க" என்று சொல்லி விக்கி விக்கி அழுதாள். வண்டி சரியாக வேண்டும் என்றால் அவள் வர வேண்டும், அவள் வர வேண்டும் என்றால் நீங்கள் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம், இதுவும் வண்டியைப் பற்றித்தான். சோக் இழுத்தபடி மலை ஏற்றக்கூடாது. மேலே காற்று மெலிசு, இஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். சின்னாறு செக்போஸ்ட் வரைக்கும் தாராளமாக வரும். வருவீர்கள் என்று நான் எழுதவில்லை, எதுவரைக்கும் வரும் என்று எழுதுகிறேன்.

சங்கையா

* * *

எருத்தேன்பதி
12-3-1974

சங்கையாவுக்கு,

நீ எதையும் கழற்றிக்கொண்டு போகவில்லை. எழுதிவிட்டேன். இதைத் திரும்பத் திரும்ப எழுத வைக்காதே.

உன் கடிதம் வந்த அன்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். ஒரு துண்டுத் துணி பதினாறு மாதம் என்னைப் பைத்தியக்காரன் ஆக்கியிருக்கிறதே என்று அவ்வளவு கோபம். கமலாத்தாள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள், கையைக் கூடக் கழுவாமல் வந்து நின்றாள். "வெட்டுங்க. வெட்டிப்போட்டு, எம்பொண்ணு வரவே வேண்டாமுன்னு கருப்பராயன்கிட்ட நீங்களே போயிச் சொல்லிப்போடுங்க" என்றாள். அவள் என்னிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பதினாறு மாதமும் அவள் பேசாமல் இருந்தது என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு என்று நினைத்திருந்தேன். அவள் பேச வேண்டியதையெல்லாம் அந்த முடிச்சில் வைத்திருக்கிறாள்.

கத்தரிக்கோலைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

வருகிற 22-ந் தேதி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு வண்டி சின்னாறு செக்போஸ்டில் நிற்கும். முடிச்சை அவிழ்க்க வருகிறது. மயிலாத்தாள் முன் சீட்டில் உட்காரட்டும், அவள் அம்மா அவிழ்க்கட்டும். அதற்கு மேல் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஏழாம் மாதப் புடவை ஒன்றைக் கமலாத்தாள் மடித்து வைத்திருக்கிறாள். பச்சை நிறம், அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்.

நஞ்சப்பன்

* * *

சோலைக்கொம்பு எஸ்டேட்
26-3-1974

மாமா அவர்களுக்கு,

மயிலாத்தாள் நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பாள். வழியில் மயக்கம் வந்ததா? ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அவளுக்கு வராது.

அன்று முழுவதும் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அத்தை எவ்வளவு இழுத்தும் முடிச்சு அவிழவே இல்லை, பல்லால் கடித்து அவிழ்த்தார்கள். காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மயிலாத்தாளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். செக்போஸ்ட் காவல்காரர் கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் குமிழைத் தள்ளினேன், பிளக் நாலையும் துடைத்து மாட்டினேன், வண்டி நிற்கும்போது இஞ்சின் ஓடுகிற வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். இஞ்சின் சத்தம் மாறியபோது நீங்கள் பின் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தீர்கள். பானெட்டைத்தான் பார்த்தீர்கள், என்னை இல்லை. அதற்கு முன்னும் பின்னும் ஆற்றுப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். நாலு நாள் பொறுத்தேன், முடியவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் மாமா. நல்லா இருக்கியா என்று வேண்டாம், போடா என்றாவது சொல்லியிருக்கலாம். "நீங்களும் ஏறுங்க" என்று மயிலாத்தாள் சொன்னாள். இடமும் இருந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் கூப்பிடாமல் நான் எப்படி ஏறுவேன்? வண்டி வளைவு திரும்பும்வரை நின்றேன். புகை இல்லை, அதைப் பார்த்துக்கொண்டேன்.

நாலு வருஷம் உங்கள் முன்னால் உட்கார்ந்து ஓட்டியவன். என் முதுகை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டதோ என்னவோ.

லிட்டருக்கு எத்தனை கொடுக்கிறது என்று எழுதுங்கள். பிள்ளை பிறந்தால் ஒரு கார்டு போடுங்கள்.

சங்கையா

* * *

எருத்தேன்பதி
3-4-1974

மாப்பிள்ளை சங்கையாவுக்கு,

பதினொன்று. பாட்டிலில் அளந்து ஊற்றி அதே ரோட்டில் விட்டோம். புளியமரத்தைத் தாண்டியது, நல்லதம்பி வேலியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், அவனையும் தாண்டியது. சின்னமுத்து இப்போது சோக்கை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை உள்ளே தள்ளிப் பார்க்கிறான். டிராக்டர் குமிழ் வேறு, கார் குமிழ் வேறு என்று களத்தில் எல்லோருக்கும் பாடம் நடத்துகிறான்.

கொழிஞ்சாம்பாறைக்காரர் வந்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற ஊட்டில் வண்டி வேண்டும், கொடுப்பதற்கில்லை என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வழியில் மயக்கம் வரவில்லை. ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்தாள். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு இப்போது உள்ளே அம்மாவோடு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊட்டில் சத்தம் கேட்டு வெகு நாளாகிவிட்டது.

சின்னாற்றில் நான் பேசாததைக் கேட்டீர்கள். கோபத்தால் இல்லை. வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். சின்னமுத்து இருந்தான், செக்போஸ்ட் ஆட்கள் இருந்தார்கள், எனக்கு அது பழக்கம் இல்லை. நீங்கள் கரி படிந்த கையோடு குனிந்து நின்றதைப் பார்த்தபோது, இந்த மனுசனையா வண்டியைக் கெடுத்தவன் என்று எழுதினோம் என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டவன் எங்கே பார்ப்பான்? பாலத்தைத்தான் பார்ப்பான். ஏறுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். பொள்ளாச்சி வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கமலாத்தாள் சுகப்பிரசவத்துக்கு இன்னொரு காசு முடிந்திருக்கிறாள். அதையும் வண்டியில்தான் கட்டுவாளாம். "முந்திக் கட்டுனது பலிச்சுதில்லீங்களா? எதுல கட்டுனா வண்டிக்குக் கெடுதல் இல்லீன்னு மாப்பிள்ளையைக் கேட்டு எழுதுங்க" என்று நிற்கிறாள். கேட்டுவிட்டேன். ஆனால் பதிலைக் கடிதத்தில் எழுத வேண்டாம். காகிதத்தில் படித்தால் எனக்கு ஒரு குமிழும் விளங்குவதில்லை என்று தெரிந்துபோயிற்று. நீங்களே வந்து கையை வைத்துக் காட்டுங்கள்.

எந்தத் தேதி, எந்த பஸ் என்று மட்டும் எழுதுங்கள். பொள்ளாச்சி ஸ்டாண்டில் வண்டியோடு நான் நிற்பேன். அதுவரை அந்த முடிச்சைத் தன் மடியிலேயே வைத்திருப்பதாகக் கமலாத்தாள் சொல்கிறாள்.

உங்கள் மாமன்
நஞ்சப்பன்